தின்றும் இளைக்கும் மாடு

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலையை உங்களில் சிலர் அறிந்திருக்கக் கூடும். ஊரைத் தாண்டியதும் மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள். பிறகு நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். முடிவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஆற்றையொட்டி அய்யனார். காலை வேளையில் இந்தச் சாலையில் மனிதர்களைவிட மாடுகளும் ஆடுகளுமே அதிகம்.

சென்ற ஆண்டு அச்சாலையோரத் தோப்பு ஒன்றில் ஒரு கலப்பினப் பசுவைப் பார்த்தேன். இடுப்பெலும்பு இரண்டும் முளைக்குச்சிகள் போலத் துருத்திக்கொண்டிருந்தன. வாலிலும் பின்னந்தொடையிலும் கழிச்சல் காய்ந்து அப்பியிருந்தது. தாடைக்கு அடியில் ஒரு பை தொங்குவது போல வீக்கம். ஆனாலும் அது பசும்புல்லை ஆவலோடு மென்றுகொண்டிருந்தது. கண்ணில் காய்ச்சல் கண்ட மாட்டின் சோர்வு இல்லை.

"தீனி சரியா எடுக்கிறதில்லையா, அண்ணாச்சி?" என்று அதன் உரிமையாளரைக் கேட்டேன்.

"எடுக்காம என்ன சார்! ரெண்டு மாட்டுத் தீனியை ஒத்தையாத் திங்குது. புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டை, எதையும் ஒதுக்கல. ஒடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது. மூணாவது ஈத்துக்கு அப்புறம் இப்படி ஆயிருச்சு. யார் கண்ணு பட்டுச்சோ!"

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மாட்டு நோயில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 'ஒட்ட மாட்டேங்குது' என்ற அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆற்றல் அழிவதில்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். ஒரு மாடு நாள்தோறும் தீவனத்தின் வழியாகப் பெறும் ஆற்றல் பாலாக வேண்டும், தசையாக வேண்டும், உடல் வெப்பமாக வேண்டும். பால் வற்றிவிட்டது, தசை கரைகிறது, காய்ச்சலும் இல்லை. அப்படியானால் வரவு எங்கே போகிறது? கணக்கில் ஓர் ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டை குடலில் இருக்கிறது. அதைப் போடுவது ஒரு பாக்டீரியா. அந்நோய்க்கு ஜோனீஸ் நோய் என்று பெயர். பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி என அசைபோடும் விலங்குகள் அனைத்துக்கும் அது வரும்.

ஆரோக்கியமான சிறுகுடலின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் பூந்துவாலையின் இழைகளைப் போலக் குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்பது தெரியும். பரப்பைப் பெருக்குவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. பரப்பு மிகுந்தால் உறிஞ்சுதலும் மிகும். ஜோனீஸ் நோய் கண்ட குடலில், முக்கியமாகச் சிறுகுடலின் கடைப்பகுதியில், பாக்டீரியாவை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்து தங்கிவிடுகின்றன. போர் முடியாத போர்க்களம் போல நாளுக்கு நாள் அங்கே படை குவிகிறதே தவிரக் கலைவதில்லை. குடற்சுவர் பல மடங்கு தடித்துவிடுகிறது. உட்பரப்பு மூளையின் மேற்புறம் போல மடிப்பு மடிப்பாகிறது. இழைகள் மழுங்கிப் போகின்றன. செரித்த உணவு சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே புகாமல் வெளியேறிவிடுகிறது.

இன்னும் ஒரு கேடு உண்டு. உணவு உள்ளே புகாதது மட்டுமன்று, உள்ளே இருக்கும் புரதமும் தடித்த சுவரின் வழியாகக் குடலுக்குள் கசிந்து சாணத்தோடு போகிறது. தாடை வீக்கத்துக்கு இதுதான் காரணம். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. சவ்வூடு பரவல் அழுத்தத்தால் நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது அது. ஆல்புமின் குறைந்தால் நீர் நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்கும். மாடு மேயும்போது தலையைத் தாழ்த்தியே இருக்கிறது அல்லவா? தேங்கிய நீர் புவியீர்ப்பின் வழியே தாழ்ந்த இடத்துக்கு, அதாவது தாடைக்கு அடியில், வந்து சேர்கிறது.

ஆனால் தாடை வீங்கியதைக் கண்ட உடனே ஜோனீஸ் நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈரல் தட்டைப்புழுவும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவும் இதே வீக்கத்தை உண்டாக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே முதலில் சாணத்தைப் பரிசோதித்துப் புழுவுக்கு வைத்தியம் பார்ப்பதே முறை. அதற்கும் மசியாத கழிச்சலும் மெலிவும்தான் ஐயத்தை எழுப்ப வேண்டும். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றுக்குப் பெரும்பாலும் கழிச்சலே வருவதில்லை. புழுக்கை புழுக்கையாகவே விழும். ஆடு மட்டும் மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே வரும். நம் பகுதிக் கன்னி ஆடோ வேம்பூர் ஆடோ இப்படி இளைத்தால், வயதாகிவிட்டது அல்லது மேய்ச்சல் போதவில்லை என்று எண்ணி அதைக் கறிக்குத் தள்ளிவிடுவோம். நோய் யார் கண்ணிலும் படாமல் மந்தையில் தங்கிவிடும்.

டிரெஸ்டன் நகருக்கு வந்த குடல்

இந்நோயின் வரலாறும் ஓர் இளைத்த பசுவில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பகுதியில் ஒரு விவசாயியின் பசு பாலும் தரவில்லை, சதையும் பிடிக்கவில்லை. காசநோயோ என்று ஐயுற்ற கால்நடை மருத்துவர் டியூபர்குலின் ஊசி போட்டுப் பார்த்தார். காசநோய்க்குரிய விளைவு தென்படவில்லை. பசு இறந்தபின் அதன் குடற்பகுதிகள் டிரெஸ்டன் நகரிலிருந்த கால்நடை நோயியல் கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவற்றை ஆராய்ந்தவர்கள் ஹைன்ரிக் ஆல்பர்ட் ஜோனே என்ற பேராசிரியரும், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்திருந்த ஃபிராதிங்காமும். ஆண்டு 1895.

அவர்கள் குடற்சுவரின் மெல்லிய சீவல்களுக்குச் சாயம் ஏற்றினர். காசநோய்க் கிருமியைக் காட்டுவதற்கென்று ஒரு சாயமுறை அப்போதே வழக்கில் இருந்தது. சிவப்புச் சாயத்தைச் சூடேற்றிப் பூசிவிட்டு, அமிலம் கலந்த சாராயத்தால் கழுவ வேண்டும். மற்ற பாக்டீரியாக்கள் நிறம் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் அடர்ந்திருப்பதால் உள்ளே போன சிவப்பு வெளியே வராது. பசுவின் குடலிலும் சிவந்த சிறு கோல்கள் குவியல் குவியலாகத் தெரிந்தன! பறவைகளுக்கு வரும் காசநோய்க் கிருமிதான் மாட்டின் குடலில் புகுந்திருக்கிறது என்று அவர்கள் கருதினர். டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் 1906இல் இது காசநோயன்று, தனி நோய் என்று காட்டினார். ஆனாலும் ஜோனேயின் ஊகத்தை முழுப் பிழை என்று சொல்லிவிட முடியாது. இன்றைய வகைப்பாட்டின்படி இக்கிருமி பறவைக் காசநோய்க் கிருமியின் ஒரு துணையினமே. அதன் முழுப்பெயர் மைக்கோபாக்டீரியம் ஏவியம், துணையினம் பாராடியூபர்குலோசிஸ்.

நுண்ணோக்கியில் தெரிந்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முற்பட்டவர்கள் திகைத்தனர். எந்த ஊட்டக் கூழிலும் அது வளர மறுத்தது. லண்டனில் ஃபிரெடரிக் ட்வோர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். இந்தக் கிருமிக்குத் தானே செய்துகொள்ளத் தெரியாத ஏதோ ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அதன் உறவினக் கிருமிகள் அப்பொருளைச் செய்துகொள்கின்றன. ஆகவே உறவினக் கிருமிகளைக் கொன்று, அந்தப் பிணங்களைக் கூழில் கலந்தால் என்ன? கலந்தார், 1910இல் ஜோனேயின் கிருமி வளர்ந்தது. பாக்டீரியாவையே தாக்கும் வைரசுகளைப் பின்னர் 1915இல் முதன்முதலாக விவரித்தவரும் இவரே.

அந்த மர்மப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைக்கோபாக்டின் என்பது அதன் பெயர். இரும்பைக் கவ்விப் பிடித்து உயிரணுவுக்குள் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. இரும்பில்லாமல் எந்த உயிரும் இல்லை, பாக்டீரியாவும் அப்படியே. ஜோனேயின் கிருமி இரும்பு திரட்டும் கருவியைச் சரிவரச் செய்ய இயலாதது. ஆகவே வெளியுலகில் அதனால் பெருக முடியாது. விலங்கின் உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அவசரமில்லாத கிருமி

குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதியான சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டித்தால் எத்தனை? 107 கோடி! மாலையில் விதைத்தால் மறுநாள் காலையில் கூழின்மேல் திட்டுத் திட்டாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஜோனீஸ் கிருமி ஒரு முறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதே 30 இரட்டிப்புக்கு ஒரு மாதத்துக்கும் மேல் வேண்டும். நடைமுறையில் ஆய்வுக்கூடத்தில் திட்டுகள் கண்ணுக்குத் தெரிய 8 முதல் 16 வாரம் வரை ஆகிறது. மாட்டின் உடலிலோ அதன் எதிர்ப்பாற்றலோடு மல்லுக்கட்டிக்கொண்டு வளர வேண்டும். அங்கே கணக்கு ஆண்டுகளில் ஓடுகிறது. கிருமி புகுந்த நாளுக்கும் கழிச்சல் தோன்றும் நாளுக்கும் இடையே பொதுவாக இரண்டு முதல் பத்து ஆண்டு. ஆடுகளில் இடைவெளி குறைவு.

எப்போது புகுகிறது? பெரும்பாலும் கன்றுப் பருவத்தில், முதல் ஆறு மாதத்துக்குள். பிறந்த கன்றின் குடல் சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்களை அப்படியே உள்ளே விடும் அளவுக்கு முதல் நாளில் திறந்து கிடக்கிறது. அதன் எதிர்ப்பாற்றலும் முதிர்ந்திருப்பதில்லை. சாணி படிந்த மடிக்காம்பைச் சப்பும்போது, சாணி மிதித்த வைக்கோலைக் கடிக்கும்போது, தாயின் வாலையும் தரையையும் நக்கும்போது கிருமி வாய்வழியே போகிறது. நோய் முற்றிய தாயானால் பாலிலும் சீம்பாலிலும் கிருமி இருக்கும். சில கன்றுகள் கருவிலேயே தொற்றுப் பெறுவதும் உண்டு. குடற்சுவரில் நுண்ணுயிர்களைக் கண்காணிக்கும் திட்டுகளிலுள்ள விழுங்கணுக்கள் வழக்கம்போலக் கிருமியை விழுங்குகின்றன. மற்ற கிருமியானால் உள்ளேயே செரித்துவிடும். இதுவோ மெழுகுச் சுவருக்குள் பத்திரமாக இருந்துகொண்டு, கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது.

தோப்பில் நான் கண்ட பசுவுக்கு மூன்றாவது ஈற்றுக்குப் பிறகு நோய் தெரிந்தது என்றாரல்லவா? வழக்கமாக நடப்பதும் அதுதான். சினையும் ஈற்றும் கறவையும் உடலை வருத்தும்போது எதிர்ப்பாற்றல் தளர்கிறது. ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்தது எழும்புகிறது. பார்ப்பவர்கள் அந்த ஈற்றின்மேலோ அடுத்த வீட்டுக்காரரின் கண்ணின்மேலோ பழி போடுகிறார்கள். உண்மையில் கிருமி நுழைந்தது அது கன்றாய்த் துள்ளிய நாளில்.

நீறு பூத்த நெருப்பு

நோயின் முழுக்கொடுமை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு நல்ல மாடாய், பால் கறந்துகொண்டு, சினைப்பட்டுக்கொண்டு இருக்கும்போதே அது சாணத்தில் கிருமியை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. முதலில் விட்டுவிட்டுச் சிறிதளவு, பின்னர் ஏராளமாக. நோய் முற்றிய மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகள் இருக்கலாம். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணி என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள்: ஆயிரம் கோடி. ஒரு கன்றுக்குத் தொற்ற ஆயிரம் கிருமிகள், அதற்குக் குறைவாகவும் கூட, போதும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆயிரம் கிருமி அடங்க எவ்வளவு சாணி வேண்டும்? ஒரு மில்லிகிராம்! கடுகளவுகூட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கால்நடை அறிஞர்கள் விட்லாக், பியூர்கெல்ட் இருவரும் 1996இல் ஒரு மதிப்பீடு கூறினர். பண்ணையில் ஒரு மாடு நோயால் மெலிந்து நின்றால், அதே பண்ணையில் தொற்றுப் பெற்ற மாடுகள் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை இருக்கும் என்பது அது. பெரும் பண்ணைகளுக்குச் சொன்ன கணக்கு இது. நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மூன்று மாடுகள்தானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஒரே மேய்ச்சலில் நடந்து ஒரே ஓடையில் நீர் குடிக்கும் மாடுகள் எல்லாம், கிருமியின் பார்வையில், ஒரே பண்ணைதான்.

சோதனை செய்து பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். சாணத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம், மாதக்கணக்காகும். அதன் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை விரைவானது, ஆனால் சாணத்தில் கிருமி வெளிவரும் நாளில் எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும். இரத்தத்திலும் பாலிலும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலிசா சோதனை மலிவு; ஆனால் அந்த எதிர்ப்புப் பொருள் நோய் முற்றும்போதுதான் நன்கு தோன்றும். ஆகவே இளைத்த மாட்டைச் சோதனை எளிதில் காட்டிக்கொடுக்கிறது. அதை நம் கண்ணே காட்டிவிடும்! கண்ணுக்குத் தெரியாத மாட்டைத்தான் சோதனையும் தவறவிடுகிறது. 'நோய் இல்லை' என்று வரும் ஒரு முடிவுக்கு 'இன்று தென்படவில்லை' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சோதிப்பதுதான் இதற்கு வழி.

நிழலும் வெயிலும்

விலங்குக்கு வெளியே கிருமியால் பெருக முடியாது என்று பார்த்தோம். ஆனால் பெருகாமல் காத்திருக்க முடியும். அந்த மெழுகுச் சுவர் இங்கும் துணை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் விட்டிங்டன் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 2004இல் வெளியிட்ட சோதனையில், முழு நிழலில் உலர்ந்து கிடந்த ஆட்டுச் சாணத்தில் கிருமி 55 வாரம் வரை உயிரோடிருந்தது. நிழலில்லாத இடத்தில் விரைவாக அழிந்தது. நிழலுள்ள நீர்த்தொட்டியின் நீரிலும் அடிவண்டலிலும் 48 வாரம் வரை இருந்ததாக அடுத்த சோதனை காட்டியது.

வெயில் கொல்கிறது என்றால் நாம் உடனே புற ஊதாக் கதிரை நினைப்போம். அவர்களுடைய முடிவு வேறு. பகலில் சூடேறி இரவில் குளிர்வதாகிய வெப்ப ஏற்ற இறக்கமே கிருமியை நைத்துப்போடும் முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது என்றார்கள். சாணிக் கட்டிக்குள் புற ஊதாக் கதிர் நுழையாது, வெப்பம் நுழையும். யோசித்தால் இயல்பானதே. ஆனால் நானாக இருந்தால் புற ஊதாக் கதிர் என்றுதான் விடைத்தாளில் எழுதியிருப்பேன்!

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அறுவடையான கரிசல் காட்டில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். ஒவ்வோர் இரவும் கிடையை இடம் மாற்றுவார்கள். புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு எருவாகும். வெட்டவெளி, கொளுத்தும் வெயில், இரவில் குளிர்ச்சி: கிருமிக்குப் பிடிக்காத இடம்தான். அங்கே எனக்குக் கவலை தருவது குட்டிகளை ஒன்றாக அடைக்கும் கூடும், இரவெல்லாம் நெருங்கிப் படுக்கும் பட்டியும்தான். மாறாக, மலையடிவாரத் தோப்புகளில் எப்போதும் நிழல், எப்போதும் ஈரம். தொழுவத்தை ஒட்டியே எருக்குழி. அதன் ஓரத்தில் கன்று கட்டும் முளை. கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல.

மலையடிவாரத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அய்யனார் கோவிலுக்கு மேலேயுள்ள காடு 1988 முதல் சரணாலயம்; 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கு வாழும் காட்டுமாடு, கடமான், புள்ளிமான், வரையாடு எல்லாம் அசைபோடும் விலங்குகளே. கலிபோர்னியாவின் பாயிண்ட் ரேயஸ் கடற்கரையில் டூலே எல்க் என்ற பெருமான்களிடம் இந்நோய் காணப்பட்டது. அருகே கறவைப் பண்ணைகள் இருந்த இடம் அது. ஸ்காட்லாந்தில் முயல்களிடம்கூடக் கண்டிருக்கிறார்கள். ஒரு முறை காட்டுக்குள் புகுந்தால் யார் பிடித்துச் சோதிப்பது?

பாலும் பால்கோவாவும்

இவ்வளவும் படித்தபின் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர், "அப்படியானால் எங்கள் பால்கோவா?" என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வி.

சூடு கிருமிகளை ஒரே நொடியில் கொன்றுவிடுவதில்லை. கதிரியக்கப் பொருள் தேய்வது போல, ஒவ்வொரு கால அளவிலும் ஒரு குறிப்பிட்ட விகிதம்தான் சாகிறது. ஒரு குறிப்பிட்ட சூட்டில் மூன்று வினாடிக்கு ஒரு முறை பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். 15 வினாடியில் லட்சத்தில் ஒன்றாகும். லிட்டருக்கு நூறு கிருமி இருந்த பாலில் ஒன்றும் மிஞ்சாது. பத்து லட்சம் இருந்த பாலில் பத்து மிஞ்சும். ஆலைகளில் 72 டிகிரி செல்சியசில் 15 வினாடி சூடாக்குவது வழக்கம். பிரிட்டனில் அப்படிச் சூடாக்கிக் கடையில் விற்ற பால் மாதிரிகளைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டபோது, நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான மாதிரிகளில் உயிருள்ள கிருமி வளர்ந்தது. பால்கோவாவின் கதை வேறு. பாலை விறகடுப்பில் நெடுநேரம் கொதிக்க வைத்துக் கிண்டிக்கிண்டிச் சுண்ட வைக்கிறார்கள். கொதிநிலையில், நிமிடக் கணக்கில்! அங்கே இக்கிருமி பிழைக்க வழியில்லை. நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கமும் நல்ல காப்பு. பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று சொல்வோரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

மனிதருக்குக் கிரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் அழற்சி வருகிறது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல் 1913லேயே இத்தகைய மனிதக் குடல்களைக் கண்டு, மாட்டின் ஜோனீஸ் நோயை ஒத்திருக்கிறதே என்று எழுதினார். சில நோயாளிகளின் குடலில் இக்கிருமியைக் கண்டதுண்டு, பலரிடம் காணவில்லை. கிருமிதான் காரணம் என்று இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. வாதம் நூறு ஆண்டு தாண்டியும் தொடர்கிறது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சாத பாலைக் குடிக்காமல் இருந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

நோய் வந்த மாட்டைக் குணப்படுத்த நடைமுறையில் மருந்து இல்லை. மேலைநாடுகளில் சோதித்துக் கழிப்பார்கள். இங்கே ஒரு கறவை மாடு என்பது ஒரு குடும்பத்தின் சம்பளம். கழி என்று சொல்வது எளிது. பால் சொசைட்டிக்கு நாளை எதை ஊற்றுவது? ஆகவே இளைக்கத் தொடங்கிய மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். நோய்க்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது. மாட்டை விற்றவருடைய தொழுவத்திலும் கிருமி தங்கிவிடுகிறது. வாங்கியவருடைய தொழுவத்திலும் புதிதாக நுழைகிறது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈடு கொடுக்க யாரும் இல்லாதபோது அவர் வேறென்ன செய்வார்?

தடுப்பூசி உண்டு. கொல்லப்பட்ட கிருமியால் செய்தது. உத்தரப்பிரதேசத்தில் மதுராவுக்கு அருகே மக்தூம் என்ற சிற்றூரில் 1979இல் நிறுவப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுக் கிருமியைக் கொண்டே ஒரு தடுப்பூசி உருவாக்கியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி, இந்நோயால் இறந்த ஒரு வெள்ளாட்டிலிருந்து கிடைத்தது. அந்த வகைக்கு 'இந்திய பைசன் வகை' என்று பெயர். பெயரைப் பார்த்து நம் காட்டுமாட்டிலிருந்து எடுத்ததோ என்று நானும் முதலில் ஏமாந்தேன். அமெரிக்கப் பைசன்களில் முன்பு கண்ட வகையை ஒத்திருந்ததால் வந்த பெயர் அது. தடுப்பூசி போட்ட ஆடுகளில் மெலிவும் சாவும் குறைகின்றன. சாணத்தில் வெளியேறும் கிருமியும் குறைகிறது. ஆனால் தொற்றை அது முழுவதும் தடுப்பதில்லை. மேலும், ஊசி போட்ட மாடு காசநோய்ச் சோதனையில் தவறான விளைவைக் காட்டக் கூடும். எனவே கால்நடை மருத்துவரின் யோசனையில்லாமல் இறங்கக் கூடாது.

ஆக, மிஞ்சுவது ஒரே ஒரு வழி. கிருமிக்கு வேண்டியது பெரிய மாட்டின் சாணியும் சின்னக் கன்றின் வாயும் சந்திப்பது. அந்தச் சந்திப்பைக் கெடுக்க வேண்டும். ஈற்றுக்கு உலர்ந்த, சாணியில்லாத இடம் வேண்டும். மடியைக் கழுவிய பிறகே கன்றை ஊட்ட விட வேண்டும். ஐயத்துக்குரிய மாட்டின் சீம்பாலைக் கன்றுக்குத் தராமல், நலமான வேறு மாட்டின் சீம்பாலைத் தரலாம். கன்றுக்கு வைக்கோலைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட வேண்டும். பெரிய மாடு மிச்சம் வைத்த தீவனத்தைப் போடக் கூடாது. எருக்குழியை எட்டத்தில் வெட்டி, அதன் நீர் கன்று கட்டும் பக்கம் ஓடாமல் பார்க்க வேண்டும். புதிய சாணி எரு போட்ட நிலத்துப் புல்லை அறுத்துக் கன்றுக்குப் போட வேண்டாம். பெரிய மாடு தின்னட்டும். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை, இடம்தான் வேண்டும். இரண்டு சென்ட் நிலத்தில் வீடும் தொழுவமும் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசுகிறது. இருந்தாலும் தொழுவத்தின் இரண்டு கோடிகள் என்பதுகூட ஓர் இடைவெளிதான்.

தோப்பில் பார்த்த பசுவின் சாணியைக் கால்நடை மருத்துவர் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார். முன்பே இருமுறை புழு மருந்து கொடுத்தும் பயனில்லாத மாடு அது. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். நீலப் பின்னணியில் சிவந்த சிறு கோல்கள், கொத்துக் கொத்தாக. டிரெஸ்டனில் ஜோனே பார்த்ததை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரகர் ஒருவர் நல்ல விலையே சொன்னாராம். அண்ணாச்சி விற்கவில்லை. "இன்னொருத்தன் தொழுவத்துல கொண்டுபோய்க் கட்டச் சொல்றீங்களா சார்?" என்றார். ஐப்பசி மழையில் பசு இறந்தது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அதே வாரம் எருக்குழியைத் தோப்பின் மறுகோடிக்கு மாற்றினார். இன்னொரு மாடு தை மாதம் ஈன்றபோது கன்றைத் தனியே சாக்கு விரித்த திண்ணையில் கட்டினார்.

இறந்த பசுவுக்கு ஒரு கிடேரி இருக்கிறது. மயிர் பளபளக்க, வாலைத் தூக்கிக்கொண்டு தோப்பெல்லாம் ஓடுகிறது. தாயிடம் மூன்று மாதம் பால் குடித்த கன்று அது. மருத்துவர் சாணி எடுத்துப் பார்த்தார், ஒன்றும் தென்படவில்லை. அடுத்த ஆண்டும் எடுக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த ஆண்டும்.